அங்கன யாரு இருப்பாவ?

"அண்ணாச்சி, உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். சாமி இல்ல, மேலோகம் இல்லங்கிற உங்க பேச்ச எங்க அத்தைகிட்ட மட்டும் பேசிராதிய."

வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள் கலைச்செல்வி. ஐயம்பெருமாள் இன்னும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"நானா வரலியே தாயி. உங்க அத்தைதான் வரச் சொல்லி ஆள் விட்டாவ."

அதுதான் கலைச்செல்விக்கும் புரியவில்லை. வண்ணார்பேட்டையில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் ஐயம்பெருமாள். கடவுளும் கிடையாது, செத்த பிறகு ஒன்றும் கிடையாது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாதாடுவார். மனைவி இறந்தபோது சடங்கு எதுவும் செய்யாமல் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தவர். சாகக் கிடக்கிற மாமியார் எதற்காக இவரைத் தேட வேண்டும்?

இசக்கியம்மாளுக்கு ஈரலில் புற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கண் அயர்ந்தால் போதும், உடம்பு உதறி எழுந்து மருமகளின் கையைப் பற்றிக்கொள்வாள். உள்ளங்கை சில்லென்று வேர்த்திருக்கும்.

"பயப்படாதிய அத்தை. மேல உங்க அம்மா, அப்பா, எங்க மாமா எல்லாரும் இருக்காவல்லா. ஒத்தையிலயா போகப் போறிய?" என்று கலைச்செல்வி தினமும் தேற்றுவாள். மாமனாரை அவள் பார்த்ததில்லை. அவள் இந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பே இறந்துபோனவர்.

தேற்றத் தேற்ற இசக்கியம்மாளின் நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. மகன் மகாராஜனோ இந்தப் பேச்சு எடுத்தவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். பெற்றவள் சாகப்போவதை அவனால் தாங்க முடியவில்லை என்று கலைச்செல்வி நினைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு பொய் அண்ணாச்சி. அத்தை நிம்மதியாப் போகட்டும்."

ஐயம்பெருமாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

கட்டிலில் சுவரோரமாக ஒடுங்கிக் கிடந்தாள் இசக்கியம்மாள். அவரைக் கண்டதும் கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"எந்திரிக்காதிய தங்கச்சி. படுத்துக்கிட்டே பேசுங்க."

"அண்ணாச்சி, உங்க வீட்டு மதினி போகும்போது பயந்தாவளா?"

"இல்ல."

"அவியகிட்ட நீங்க என்ன சொன்னிய?"

"கனவே வராத தூக்கம் உண்டுல்லா, அப்படித்தாம் இருக்கும்னு சொன்னேன். என் கையப் பிடிச்சிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா. அப்படியே போயிட்டா."

"கனவு கூட வராதா?"

இசக்கியம்மாளின் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு தெளிவு வந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்போ அங்கன யாருமே இருக்க மாட்டாவளா?"

ஐயம்பெருமாள் திரும்பிப் பார்த்தார். கதவோரம் நின்ற கலைச்செல்வி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தார்.

இசக்கியம்மாளே பேசினாள்.

"பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குச் சமைக்கப் போனதுலருந்து நான் நல்லா இருந்தேன் அண்ணாச்சி. 'பெரியம்மா, இன்னொரு தோசை'ன்னு பிள்ளைக வந்து தட்ட நீட்டிக்கிட்டு நிக்கும். அங்க வேலை பாக்குற பொம்பளைக எல்லாம் வேன் பிடிச்சி மணிமுத்தாறு அருவிக்குப் போனோம். தண்ணி தலையில விழ விழ அப்படிச் சிரிச்சேன். எதுக்குடா பொறந்தோம்னு நெனச்சா, அந்தச் சிரிப்புக்குத்தாம்னு தோணுது. எல்லாம் இதோட முடிஞ்சிருமா? மறைக்காம சொல்லுங்க."

மூச்சு வாங்கியது. கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் சிரிக்கக் கிடைக்காதா என்ற ஏக்கம்தான் அது என்று ஐயம்பெருமாளுக்குப் பட்டது. கட்டின மனைவிக்குக் கூடச் சொல்லாத பொய், தொண்டை வரை வந்து நின்றது.

"நான் என்னத்தக் கண்டேன் தங்கச்சி" என்றார், குரல் இறங்கி. "கடையில நிக்கும்போது ஆயிரம் பேசுவேன். செத்துப் பாத்துட்டா வந்தேன்? இதோட முடியாது. அங்கனயும் ஒரு வாழ்க்க உண்டு. நம்ம ஆளுக எல்லாரும் இருப்பாவ."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்."

கலைச்செல்வி நன்றியோடு அவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள்.

இசக்கியம்மாள் தலையைத் தலையணையில் போட்டாள். உதடு வெளுத்தது. முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். கட்டில் சட்டம் கிடுகிடுவென்று ஆடியது.

கலைச்செல்வி ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். "அண்ணாச்சியே சொல்லிட்டாவல்லா, இனி என்னத்துக்கு அத்தை பயம்? மாமா உங்களுக்காக அங்கன காத்துக்கிட்டு இருப்பாவ."

"காத்துக்கிட்டுத்தாம் இருப்பாரு மக்கா, பெல்ட்ட உருவிக் கையில வச்சிக்கிட்டு" என்றாள் இசக்கியம்மாள், முகத்தை மூடிய கையை எடுக்காமலே. "அந்த மனுசன் இல்லாத எடம்னு ஒண்ணு உண்டுன்னு, அண்ணாச்சியாவது சொல்லுவாவன்னுதானே நான் ஆள் விட்டேன்!"