கடவுச்சொல் கேட்ட கட்டம்

வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் சைபர் செக்யூரிட்டி பட்டம் படிக்கிறேன். இந்தப் பருவத்தின் செய்முறைப் பயிற்சி, தெரிந்த ஒருவருக்குப் போலியாக ஒரு செய்தி அனுப்பி, அவர் ஏமாந்து கடவுச்சொல்லைக் கொடுக்கிறாரா என்று பார்ப்பது. அவரிடம் முன்பே சம்மதம் வாங்க வேண்டும் என்பது முதல் விதி. சொல்லிவிட்டு அனுப்பினால் யார் ஏமாறுவார்கள்? பெற்ற தாயிடம் என்ன சம்மதம் என்று அம்மாவின் கையெழுத்தைப் படிவத்தில் நானே போட்டேன். நான்கு வருடங்களுக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போன அண்ணன் நவநீதன் பெயரில், புது எண்ணிலிருந்து அம்மாவுக்கு ஒரு இணைப்போடு அனுப்பினேன்: "நான்தாம்மா. இத அழுத்து." அழுத்தினால் நான் செய்த பக்கம் திறக்கும். மேலே அண்ணனின் படம், கீழே கடவுச்சொல் கேட்கும் ஒரு கட்டம். அதில் தட்டுவதெல்லாம் என் கணினிக்கு வந்துவிடும். அடுத்த அறையில் இருந்த அம்மா உடனே அழுத்திவிட்டாள். சற்று நேரத்தில், என் திரையில் கடவுச்சொல் வர வேண்டிய இடத்தில் வந்தது: "அப்பா இப்ப எதுவும் சொல்றதில்ல. வந்துரு." போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் அம்மாவே போனை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். மறுபடியும் ஏதோ தட்டியிருந்தாள். கட்டம் நிறையக் கறுப்புப் புள்ளிகள். "ஏண்டி, நீ இதத்தான படிக்கிற? நா எழுதுறதெல்லாம் புள்ளி புள்ளியாப் போகுது. அங்க அவனுக்கு எழுத்தாத் தெரியும்ல?"