தண்ணீர் ஒரு பக்கம்

பிரான்சில் மலையேறப் போகிறவர்கள் மூட்டை சுமக்கக் கழுதையை வாடகைக்கு எடுப்பார்கள் என்று சிவரஞ்சனிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்தேயிருக்க மாட்டாள். அப்பாவுக்கு ஜவுளிக்கடை என்று, தான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறாள். அங்கிருந்து கூட வந்திருக்கும் ரகுராம், தமிழ்நாட்டில் அவளுக்குப் பக்கத்து ஊர்க்காரன். கழுதையைப் பழக்கிய கையைக் கண்டால் மிச்சத்தைக் கண்டுபிடித்துவிடுவான்.

பொதியை அவனே ஏற்றினான். கூடாரமும் ரொட்டியும் ஒரு பக்கம், தண்ணீர் முழுக்க மறுபக்கம். சரியும் என்று தெரிந்தும் அவள் முன்னால் நடந்தாள். பாதி வழியில் பொதி சரிந்து, கயிறு வயிற்றை அறுக்க, கழுதை நின்றுவிட்டது.

“அடம் பிடிக்குது பாரு. பின்னாடி ஒண்ணு போடு, ரஞ்சனி.”

கயிற்றுக்கடியில் ரோமம் தேய்ந்து தோல் சிவந்திருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எல்லாக் கயிற்றையும் அவிழ்த்தாள். தண்ணீரை இரண்டு பக்கமும் பிரித்து வைத்து, கூடாரத்தை நடு முதுகில் கிடத்தி, மார்பைச் சுற்றிக் கயிற்றை இழுத்து, முழங்காலால் அழுத்தி முடிச்சுப் போட்டாள்.

ரகுராம் முடிச்சையே பார்த்தான். “இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?”

“வீட்டுல. எங்ககிட்ட மூணு கழுதை இருந்துச்சு. எங்கப்பா ஊருக்கே துணி வெளுத்தாரு.”

“ஜவுளிக்கடைன்னியே?”

“பொய் சொன்னேன். ‘உங்கப்பா என்ன பண்றாரு, நீங்க என்ன ஆளுங்க’ன்னு நீ கேட்ட கேள்வி அப்படி.”

பள்ளத்தாக்கில் மாட்டுமணிகள் ஒலித்தன. உச்சிக்கு இன்னும் மூன்று மணி நேர நடை. அவள் கயிற்றின் நுனியை அவனிடம் நீட்டினாள்.

“இந்தா, பிடி. இப்ப நடக்கும்.”