சிப்பிக் கொலை வழக்கு

ஐந்தாவது சிப்பியும் செத்துவிட்டது.

ஆறு மாதத்தில் ஐந்து கொலை. கொலை என்பது மிகையான சொல் என்று நினைப்பவர்கள் சிப்பி வளர்த்தவர்களாக இருக்க முடியாது.

ஹாலில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு துண்டுக் கடல்: பவளம், மீன், நீல உதட்டுச் சிப்பி. தொட்டியின் சொந்தக்காரர், ஊர்க் குடிநீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் ஆய்வாளர். அவர் வீட்டிலேயே தண்ணீர் சரியில்லை என்றால் ஆபீஸே கைகொட்டிச் சிரிக்கும்.

"தண்ணி சுத்தம். உப்பு சரி. சுண்ணாம்புச் சத்து சரி. மீனெல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி சுத்துது. விளக்கும் நான் பார்க்கிறப்போல்லாம் எரியுது. அப்போ என்ன அர்த்தம்?" என்றார் மனைவியிடம்.

"சிப்பிக்கு நம்ம வீடு பிடிக்கலைன்னு அர்த்தம்."

"யாரோ கை வைக்கிறாங்கன்னு அர்த்தம்!"

"யாரு இருக்கா இங்கே? பகல்ல நீங்களும் நானும் ஆபீஸ்ல. உங்க தம்பி ராத்திரியெல்லாம் பஸ் ஓட்டிட்டு வந்து, பகல்ல ஜன்னலையெல்லாம் சாத்திட்டு இந்த சோபாவில படுத்துக்கிறார்."

"தூங்குறவன் என்ன பண்ணுவான்? அவனை விடு."

தம்பி அந்த நிமிடமே விடுதலையானான். மிச்சம் இருந்தது சமையல் அக்கா. காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஐந்துக்குப் போகிறவர்.

"அவங்களையா? வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க."

"ஆதாரத்தோட பேசுறேன்."

ஆதாரத்துக்காகப் புத்தக அலமாரியில் ஒரு குட்டிக் கேமரா உட்கார்ந்தது. தொட்டி மட்டும் தெரிகிற மாதிரி, அங்குலக் கணக்காக.

மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை மாலை தம்பி டூட்டிக்குக் கிளம்பியதும், பையோடு புறப்பட்ட சமையல் அக்காவை ஆய்வாளர் நிறுத்தினார்.

"உட்காருங்க."

"நின்னே பழக்கம் சார்."

டி.வி.யில் படம் ஓடியது. மணி பத்து. அக்கா பூனைபோல் வருகிறார். பக்கத்தில் எதையோ பார்க்கிறார். கை மேலே போகிறது. திரை இருண்டுவிடுகிறது. மறுபடி வெளிச்சம் வரும்போது மூலையில் மணி நாலு. மூன்று நாளும் இதே காட்சி, ஒரு நிமிடம் பிசகாமல்.

"ஏம்மா," என்று ஆரம்பித்தார் ஆய்வாளர். எப்போதும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். விசாரணை என்று வந்தால் உறவு பார்க்கக் கூடாதல்லவா? "விளக்கை அணைச்சது யாரு?"

"நான்தான். டி.வி.யிலேயே தெரியுதே."

மனைவி வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினாள்.

"அணைச்சுட்டு, இருட்டுல தொட்டிக்குள்ள என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலை. அணைச்சேன், அவ்வளவுதான்."

ஆறு மாதமாகத் தண்ணீரையே சோதித்த ஆய்வாளருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவ்வளவுதானா! அந்தச் சிப்பி உடம்புக்குள்ள ஒரு பாசி இருக்கு. அது வெளிச்சத்துல ஆக்கிப் போடுறதைத்தான் சிப்பி சாப்பிடுது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரமாவது வெளிச்சம் வேணும். அஞ்சையும் பட்டினி போட்டே கொன்னிருக்கீங்க!"

அக்காவின் முகம் வாடியது. செத்தது சிப்பியே ஆனாலும், சமைக்கிறவர் காதில் பட்டினி என்ற சொல் வேறு மாதிரிதான் விழும்.

"அது எனக்குத் தெரியாது சார். பாவம்தான்." பிறகு நிமிர்ந்தார். "ஆனா தெரிஞ்சிருந்தாலும் அணைச்சிருப்பேன்."

"என்ன திமிர்! திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

"வரலை. சொல்லிட்டுப் போறேன். சிப்பிக்குப் பத்து மணி நேரம் வெளிச்சம் வேணும், சரி. உங்க தம்பிக்கு ஆறு மணி நேரம் இருட்டு வேணும். அவர் ரூமுல உங்க உப்புத்தண்ணி டிரம் குடியிருக்கு. அவர் இங்கே, இந்த வெளிச்சத்துக்கு நேரே, தலகாணிய முகத்துல அமுக்கிக்கிட்டுப் புரண்டுக்கிட்டிருந்தார். ஆறு மாசம் முன்னாடி ஒரு ராத்திரி, ஓட்டிக்கிட்டிருக்கும்போதே கண்ணு சொக்கிடுச்சாம். வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த என்கிட்ட வந்து சொன்னார். மறுநாள்லேர்ந்து அணைக்கிறேன். பின்னாடி நாற்பது பேர் அவரை நம்பித் தூங்குறாங்க சார்."

ஆய்வாளர் சோபாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே..."

"சிப்பி சொல்லிச்சா சார்? அதுக்கு என்ன குறைன்னு நீங்களா பார்த்துத்தானே கண்டுபிடிச்சீங்க."

ஆய்வாளர் மனைவியைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை.

"விளக்கை அணைக்கிறது... அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'உங்க அண்ணன்தான் உங்களுக்காக அணைக்கச் சொன்னார்'னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். கேட்ட அன்னிக்கு அந்த மனுஷன் கண்ணு கலங்கிடுச்சு."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அது பொய்யா நிஜமான்னு இனிமே நீங்களே முடிவு பண்ணிக்குங்க."