பேசக் கூடாத ஆட்டம்

கல்யாணப் பெண்ணின் கை என் கையில் இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஒரு நிமிடம் முன்புவரை நான்தான் அந்த மண்டபத்துக்கு ராஜா.

அயர்லாந்தில், எங்கள் மேயோ பக்கத்தில், அழைப்பில்லாத கல்யாணத்துக்குள் நுழைய ஒரே வழி வைக்கோல். தோள்வரை இறங்கும் கூம்புக் குல்லாய், உடம்பு முழுக்க வைக்கோல், கூடவே ஒரு பிடில், ஒரு மேளம். பெண்ணோடு ஆளுக்கு ஒரு சுற்று ஆட வேண்டும். யாரென்று காட்டிக்கொள்ளாமல் போய்விட வேண்டும். நாங்கள் வாயைத் திறந்தால் தம்பதிக்கு ஆகாது.

நான் ரிட்டயரான பஸ் டிரைவர். ஆனால் அன்று நான் குதித்த குதியில் கூரை விளக்குகள் ஊஞ்சலாடின, கல்யாணக் கேக்கின் மேல்மாடி சரிந்தது, பாதிரியார் நாற்காலியோடு இரண்டடி நகர்ந்தார். பாதியை நம்பினால் போதும்.

"யோவ், தொப்பைய உள்ள இழுய்யா! வைக்கோல் தெறிச்சு சூப்புல விழுது!" என்று மாப்பிள்ளை டோனலின் சித்தப்பா கத்தினார். மண்டபமே சிரித்தது.

கல்யாணப் பெண் ஓர்லாவும் சிரித்துக்கொண்டுதான் ஆட வந்தாள். பாதிச் சுற்றில் குனிந்து என் காலைப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது. வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வந்துட்டியாப்பா? அன்னிக்குக் கோவத்துல, நீ எனக்கு அப்பனே இல்லன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிடுப்பா. நீ ஒண்ணும் பேச வேணாம். மன்னிச்சிட்டேன்னா கைய மட்டும் அழுத்து."

குனிந்து நானும் பார்த்தேன். சேறு காய்ந்த பூட்ஸ். இடது காலில் மட்டும் சிவப்புக் கயிறு.

மாட்டுக் கொட்டகையில் வேடம் கட்டும்போது செருப்பையும் ஆளுக்காள் மாற்றிக்கொள்வோம். எங்கள் ஊரில் காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். என் பங்குக்கு வந்தது அவள் அப்பன் மாலக்கியின் பூட்ஸ்.

டோனல் வீட்டுக்காரர்களோடு சதுப்புநிலத்துப் பாதைக்காக அவனுக்குத் தீராத சண்டை. 'அந்த வீட்டுக் கல்யாணத்தில் என் மூஞ்சியைப் பார்க்க முடியாது' என்று மூன்று ஊருக்குக் கேட்கும்படி சபதம் போட்டவன். சபதத்தை மீறவும் இல்லை. மூஞ்சியை மூடிக்கொண்டு எங்களோடு வந்து கதவோரம் நின்றிருந்தான்.

நான் அவனில்லை பெண்ணே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பேசக் கூடாது. குல்லாயைக் கழற்றலாம். ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவள் நெஞ்சைத் திறந்து காட்டியது எவனோ ஒரு கிழவனிடம் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமா?

அவள் விரல்கள் காத்திருந்தன.

அழுத்தினேன்.

அவள் விட்ட பெருமூச்சில் என் கன்னத்தோரம் வைக்கோல் அசைந்தது.

காது மடல்வரை எரிந்தது எனக்கு. பசியோடு உட்கார்ந்திருக்கிறவனின் தட்டை, அவன் கண்ணெதிரிலேயே இழுத்து வைத்துத் தின்றவன் மாதிரி நின்றேன். வாழ்நாளெல்லாம் ஒன்றைப் பத்தாக்கிச் சொன்னவனுக்கு, அந்த வெட்கத்தில் கூட்டிச் சொல்ல இடமே இல்லை. வைக்கோல் முகத்தை மூடியிருந்தும் போதவில்லை.

பிடில் வேறு பாட்டுக்கு மாறியது. அடுத்த ஆளின் முறை. கதவோரம் நின்றவன், என் டிரைவர் ஷூ கடிக்க, நொண்டி நொண்டி வந்தான்.

அவள் கையை அவன் கையில் வைத்தேன். வைக்கும்போதே எலும்பு நொறுங்குகிற மாதிரி அவன் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தேன். ஏதாவது புரியாதா என்றுதான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மாலக்கி தன் மகளோடு ஆடினான், கோழிக்குஞ்சைக் கையில் ஏந்தியவன் போலப் பயந்து பயந்து.

அவள், யாரோ ஊர்க்காரன் என்ற மரியாதையில், ஒரு முழம் தள்ளியே ஆடினாள்.

ஆடிக்கொண்டே அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் சின்னப் பிள்ளை போலக் கையசைத்தாள்.