கேப்டன் பக்கத்துல நின்ன டப்பா

சிரிச்சு முடிச்சாச்சா? இன்னும் ஏதாவது பாக்கி இருந்தா சிரிச்சிடுங்க, நான் காத்திருக்கேன். அப்புறம் நான் பேசும்போது யாரும் பல்லைக் காட்டக் கூடாது.

பதினாலு வருஷம் ஓடின விண்கலத் தொடர். இன்னிக்கு கடைசி எபிசோடு. நம்ம மெக்கானிக் ஷெட்டை சாத்திட்டு, டயர் மேல டயர் போட்டு உக்காந்து பாத்தோம். பாத்ததை விட காறித் துப்பினதுதான் ஜாஸ்தி.

அதிகமா திட்டு வாங்கினது ரோபோ. போன சீசன் வரைக்கும் மூலையில சும்மா கண்ணை சிமிட்டிக்கிட்டு இருந்த தகர டப்பா, இந்த சீசன்ல கேப்டனை விட்டு ஒரு அடி நகரல. அவர் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே, "கேப்டன், கலத்தை இடது பக்கம் திருப்பச் சொல்லப் போறீங்களா?"ன்னு கேக்கும். அவரும், "ஆமா, இடது பக்கம் திருப்பு"ன்னுவார். ஒன்பது எபிசோடும் இதே கூத்து.

"எழுதினவன் பக்கத்தை நிரப்ப ஒவ்வொரு வசனத்தையும் ரெண்டு தடவை எழுதியிருக்கான்டா"ன்னு மெக்கானிக் சொன்னான். முடிவெட்டுறவன், அந்த டப்பா தலையில ஸ்பேனரால போடணும்னான்.

போடுறா. இந்தா, தலை இங்கதான் இருக்கு.

முழிக்காத. குளிர்பதனக் கிடங்குல வேலைன்னு ஆறு மாசமா உங்ககிட்ட விட்டது புருடா. பழைய ரோபோக்காரருக்கு முட்டி தேஞ்சு போச்சு. உயரம் சரியா இருக்குன்னு என்னை எடுத்தாங்க. காலேஜை பாதியில விட்டவனுக்கு அறிவே தேவைப்படாத ஒரே வேலை, பதினெட்டு கிலோ தகரத்துக்குள்ள நிக்கிறது. கடைசி எபிசோடு வர்ற வரைக்கும் வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. இப்பதான் வந்தாச்சே.

முதல் நாள் ஷூட்டிங். கேப்டனுக்கு ஒரே ஒரு வரி. பதினோரு டேக் போச்சு. பன்னெண்டாவதுல, பதினாலு வருஷமா கூடவே கலத்து டாக்டரா நடிக்கிற டாக்டரம்மாவைப் பாத்து, "நீங்க புதுசாம்மா?"ன்னு கேட்டார். அந்தம்மாவும் அசராம, "ஆமா சார், இன்னிக்குத்தான் சேந்தேன்"னுட்டாங்க. அப்புறம் மேக்கப் ரூமுக்குப் போய் கதவை சாத்திக்கிட்டாங்க.

தொடருக்குப் பணம் போடுற கம்பெனி ஆளு உடனே கணக்கா ஒரு யோசனை சொன்னார். வேத்துகிரகத்துக்காரன் கேப்டன் முகத்தை மாத்திட்டான்னு சொல்லி, வேற நடிகரைப் போட்டுடலாமாம்.

மறுநாள் கேப்டனோட வீட்டம்மா வந்தாங்க. அழல, கெஞ்சல. டைரக்டரம்மா முன்னாடி உக்காந்து, "அவருக்கு இப்ப என் பேரே சில நாள் வர மாட்டேங்குது. ஆனா தினமும் காலையில எழுந்ததும், கலத்தை எப்ப தரையிறக்கணும்னு கேக்குறார். அதை மட்டும் அவரே செய்யட்டும்மா"ன்னாங்க.

டைரக்டரம்மா கம்பெனிகிட்ட ஒன்பது எபிசோடுக்கு பொறுப்பு ஏத்துக்கிட்டாங்க. ஒரு நாள் வேலை நின்னாலும் கேப்டனை மாத்திடுவோம்னு கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே எழுத்தாளர் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி எழுதினார். ரோபோ கேக்கும், கேப்டன் பதில் சொல்வார். அவருக்கு வசனம் ஞாபகம் இருக்க வேண்டியதே இல்ல. ஊரே கழுவி ஊத்தும்னு எழுத்தாளருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினார். இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் ஒரு பதில் சொல்லல மனுஷன்.

இதுல தமாஷ் என்னன்னா, கேப்டனுக்கு என் மேல ஒரே பரிதாபம். சாப்பாட்டு நேரத்துல வீட்டம்மாகிட்ட, "இந்த டப்பா நல்ல பையன்தான். பாவம், எதுவும் ஞாபகம் இருக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் என்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான் செய்யுறான்"னு சொல்வார். நான் தகரத்தைக் கழட்டிப் போட்டுட்டு, வேர்வையில தொப்பலா பக்கத்துலயே உக்காந்து, "ஆமா சார்"னு தலையாட்டிக்கிட்டே சாப்பிடுவேன்.

கடைசி சீன். கலம் தரையிறங்கணும். "இறங்கச் சொல்லப் போறீங்களா கேப்டன்?"னு நான் கேக்கணும். "இறங்கலாம், எல்லாரும் வீடு வந்தாச்சு"ன்னு அவர் சொல்லணும். அவ்வளவுதான் தொடரே.

கேமராவுக்குப் பின்னாடி வீட்டம்மா நிக்கிறாங்க. சீன் முடிஞ்சதும் அவர் பூட்ஸைக் கழட்டி மாட்டிவிட, வீட்டுல போடுற செருப்பைக் கையில வச்சிருக்காங்க.

பத்து செகண்டு, கலத்துல ஒரு சத்தமும் இல்ல. லைட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டார். டாக்டரம்மா கேப்டனையே பாக்குறாங்க. 'கட்' சொல்லணும், டைரக்டரம்மாவுக்கு வாய் வரல.

கேப்டன் மெதுவா திரும்பினார். என் தகரத் தோள்ல கையை வச்சு, "பரவாயில்லடா. நான் இருக்கேன்ல"ன்னார். அப்புறம் முன்னாடி பாத்து, யாரும் எடுத்துக் கொடுக்காம, கணீர்னு சொன்னார். "இறங்கலாம். எல்லாரும் வீடு வந்தாச்சு."

இதைத்தானேடா இப்ப உருண்டு உருண்டு சிரிச்சீங்க, பேட்டரி தீந்த ரோபோவுக்கு எதுக்கு ஆறுதல்னு.

எழுத்தாளரைத் திட்டாதீங்க. அதை அவர் எழுதல. சீசன் முழுக்க கேப்டன் மறந்துடக் கூடாதுன்னு பக்கத்துலயே நிறுத்தி வச்சாங்களே ஒரு டப்பா, அந்த செருப்பைப் பாத்துட்டு வசனத்தை மறந்து நின்னது அதுதான். நான்தான்.