தூளிக்காரி வீடு

“தூளியை அவுத்துட்டாளா, இல்லையா?” என்று கேட்டார் இருதயமேரி டீச்சர்.

“இல்லீங்க டீச்சர். இன்னும் வெறுந்தூளியைத்தான் ஆட்டிக்கினு இருக்கா,” என்றாள் சவுரியம்மாள்.

அது 1943. திண்டிவனத்து மிஷன் ஒன்றில், துக்க வீடுகளுக்குப் போய் ஆறுதல் சொல்ல ஏழு பெண்களைப் பழக்கிக்கொண்டிருந்தார் டீச்சர். சனிக்கிழமைதோறும் அவர்கள் தாங்கள் பார்த்த வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் மட்டும் சொல்லக் கூடாது. அழுகிறவர்களின் மானம் காக்க டீச்சர் போட்ட சட்டம் அது. சொந்தக் கவலையை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

சவுரியம்மாள் கண்டாச்சிபுரத்திலிருந்து வந்து நாலு மாதம். வாந்திபேதியில் குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தியைப் பற்றித்தான் வாராவாரம் பேச்சு. டீச்சரும் சளைக்காமல் யோசனை சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை.

“போன வாரம் நான் சொன்னதைச் சொன்னியா?”

“சொன்னேங்க. அவுக்கத்தான் போனா. கை வரலீங்க.”

டீச்சருக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. “மூணு மாசமா ஒருத்தியையே கட்டிக்கினு அழுவுறே. தேறணும்னு நெனப்பே இல்லாதவ அவ. விட்டுத் தள்ளு. வேற வீட்டைப் பாரு.”

“சரிங்க டீச்சர்.”

அடுத்த சனிக்கிழமை, மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும்போது பாம்பு கடித்துப் புருஷனை இழந்தவளைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள்.

“அந்தத் தூளிக்காரி?”

“நீங்க சொன்னபடி விட்டுட்டேங்க. மூணு நாளா அவ சாப்பிடலை.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. பெற்று இழந்தவளைப் போய் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. முதல் மாதமே ஒரு நடை நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். என்ன கெட்டுப்போயிருக்கும்?

குடையை எடுத்தார். “நட, வீட்டைக் காட்டு. நானே பேசறேன். நீ ஒண்டிக்கட்டை. பெத்தவ வேதனை உனக்கு எங்க தெரியப்போவுது?”

சவுரியம்மாள் முன்னால் நடந்தாள். ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சந்தில், கடைசி வீட்டின் முன் நின்றாள்.

“ஐயோ, பூட்டிக் கெடக்குதே. சாப்பிடாத ஒடம்போட எங்க போனா?” என்று பதறினார் டீச்சர்.

சவுரியம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

“உள்ள வாங்க டீச்சர். எனக்குக் கை வரலை. நீங்களே அவுத்துடுங்க.”