விதைக்கு நின்ற காய்

கத்தரிக்கோல் காம்பைத் தொட்டு நின்றது.

கொடியில் மிஞ்சியிருந்தது இந்த ஒரு பாகற்காய்தான். நல்ல பச்சை. அடிப்பக்கம் மட்டும் மெல்ல வெளிறத் தொடங்கியிருந்தது.

கண்ணாடிக் குடிலுக்கு வெளியே உருளைக்கிழங்குச் செடிகள் கறுத்துக் கிடந்தன. நேற்று விடியலில் முதல் உறைபனி வந்து போயிருந்தது.

ஆகஸ்ட் இன்னும் முடியவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து வெங்காயம் வதங்கும் மணம் வந்தது. பாகற்காய்ப் பால்கறி அவள் கணவரின் சமையல். அதில் அவளைத் தலையிட விடமாட்டார்.

அவள் காயை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். கனத்தது.

ஜூனில் கொடி கூரையைத் தொட்டுவிட்டது. பூக்கவில்லை. நோர்வேயின் இந்த வடகரையில் அப்போது சூரியன் மறைவதில்லை. பாகலுக்கு இருட்டு வேண்டும்.

அது அவளுக்கு விளங்க வெகுநாள் ஆனது. விளங்கிய அன்று படுக்கையறையின் தடித்த திரைச்சீலையைக் கழற்றி வந்தாள். மீன் ஆலையில் வேலை முடிந்து வந்ததும் அதனால் கொடியைச் சுற்றி மூடினாள். காலையில் விலக்கினாள்.

ஒரு செடிக்கு இரவு செய்து கொடுத்தாள்.

"எனக்கில்லாத இருட்டு அதுக்கு," என்றார் அவர், முகத்தின் மேல் துவாயைப் போட்டுக்கொண்டு.

பூத்தது. உள்ளே வண்டு வராது. தூரிகையால் பூவிலிருந்து பூவுக்கு மகரந்தத்தைத் தொட்டு வைத்தாள். காய்த்தது. முதல் காய்களைச் சோற்றோடு பிசைந்து, சட்டி காலியாகும்வரை சாப்பிட்டார்கள்.

விதையைப் பற்றி அவள் அப்போது நினைக்கவில்லை.

நினைக்கத் தேவையும் இருக்கவில்லை. பனி கொட்டுவதற்கு முன் ஒஸ்லோவுக்கு வந்துவிடச் சொல்லியிருந்தான் மகன் செந்தூரன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவளுக்கும் இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. மாடி வீட்டில் அவர்களுக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருந்தான்.

"நீர் சொல்லும்," என்று அவர் முடிவை அவளிடம் விட்டுவிட்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் மகன் தொலைபேசியில் கேட்டான். பார்ப்போம் என்றாள்.

அந்த அறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யன்னல் பெரியது. குளியலறையில் கைபிடிகூடப் பொருத்தியிருக்கிறான். போனால் அவள் நன்றாகத்தான் இருப்பாள். அதுதான் அவளைப் பதில் சொல்லவிடாமல் வைத்திருந்தது. மறுப்பதற்கு ஒரு துக்கமாவது வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

இப்போது வெட்டினால் கறி.

பழுத்து வெடிக்க விட்டால் விதை. குளிர் முந்திக்கொண்டால் கறியும் இல்லை, விதையும் இல்லை.

அடுத்த முறை திரையை மே மாதமே கட்டிவிட வேண்டும். செடிச் சாடியும் இன்னும் பெரிதாக வேண்டும்.

அவள் திடுக்கிட்டாள்.

அடுத்த முறை என்று யார் நினைத்தது?

துக்கம் ஒன்றும் இல்லை. குடிலுக்குள் ஈரமண் மணத்தது. கை காயின் கீழேயே இருந்தது. இங்கே இருப்பது தனக்குப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை.

சமையலறை யன்னல் திறந்தது.

"இஞ்சாரும், பால் வத்துது. உம்மட பாகற்காயார் வாறாரோ, இல்லாட்டி முட்டையை உடைச்சு ஊத்தட்டோ?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கூந்தலில் இருந்த சிவப்பு நாடாவை உருவிக் காம்பில் கட்டினாள். விதைக்கு விட்ட காயை யாரும் தெரியாமல் பறித்துவிடாதபடி வைக்கும் அடையாளம். இங்கே பறிக்க அவரைத் தவிர ஆளில்லை.

"முட்டையை ஊத்துங்கோ," என்றாள். "இது விதைக்கு."

அவர் நாடாவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கரண்டியிலிருந்து பால் யன்னல் விளிம்பில் சொட்டியது.

"அப்ப," என்றார், "இந்தப் பனிக்கும் விறகுக்குச் சொல்லவேணும்."